கொதிக்க வைத்த, கொதிக்க வைக்காத

1

எங்கள் ஊர் அலுவலகம் தன் முகநூல் பக்கத்திலிருந்து என்னைத் தடை செய்துவிட்டது. பக்கத்தைத் தேடினால் 'இது இப்போது கிடைப்பதில்லை' என்று கைபேசி சொல்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த கிழமையில் இது நடந்தது. வீசா கொடுக்கிறவர்களும் விமான நிலையத்து அதிகாரிகளும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் என்னை வாசலில் நிறுத்தி வைத்ததுண்டு. அதற்கெல்லாம் பழகிவிட்டேன். பிறந்த ஊர் கதவைச் சாத்தியதற்கு இன்னும் பழகவில்லை.

அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இலங்கையில் மாத்தளை நகரத்து ஓரத்தில் எங்கள் கிராமங்களுக்கும் மேலே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களுக்கும் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற அலுவலகம், ஊர்ச் சனத்தின் வாயில் கந்தோர், என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துவந்தேன். ரிப்பன் வெட்டுவதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் பொன்னாடை போர்த்துவதும்தான் அதில் பெரும்பாலும் வரும். இருந்தாலும் பார்ப்பேன். படங்களின் பின்னால் எங்கள் ரோடு தெரியும், சந்தி தெரியும், எப்போதாவது தெரிந்த முகம் ஒன்று நடந்து போகும்.

"நீங்க என்னைப் பார்க்கிறதைவிட அந்தப் பேஜைத்தான் கூடப் பார்க்கிறீங்க உம்மா" என்பாள் மகள் ஸஹ்ரா. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள். ஒரு எழுத்தும் படிக்கமாட்டாள்.

2

என் வேலையும் அதே மாதிரியான வேலைதான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடுதல்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரசபையில் செய்திப் பிரிவில் இருக்கிறேன். குப்பை எடுக்கும் நாள் மாறினால், பாலம் மூடப்பட்டால், குழாயில் பிரச்சினை வந்தால் அதைச் சமூக ஊடகங்களில் சனத்துக்குச் சொல்வது எங்கள் பொறுப்பு. "அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று தங்கையின் கணவர் றியால் ஒருமுறை கேட்டார். அவர் கலேவெலயிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிறவர். லொறி ஓடினால்தான் அவருக்கு வேலை.

வந்த புதிதில் நான் தடுமாறாத இடம் இல்லை. முதல் கிழமை மேலாளர் ஹெலனிடம், நாம் ஒருவரை அழைப்பதை நம் ஊரில் 'கோல் எடுக்கிறேன்' என்று சொல்கிறோமே, அதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டேன். வரப்போகும் அழைப்பை நான் எடுத்துப் பேசுவேன் என்று அவர் விளங்கிக்கொண்டார். பின்னேரம் வரை காத்திருந்துவிட்டு, ஏன் தொலைபேசி அடித்தும் நான் பேசவில்லை என்று கோபத்தோடு வந்து கேட்டார். பிறகு இருவரும் சிரித்தோம். ஆனால் அன்று அவர் ஒரு பழக்கத்தை எனக்குச் சொல்லித்தந்தார். எந்த அறிவித்தலையும் எழுதியவர் அல்லாத இன்னொருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். குஜராத்தியில் போட்டால் குஜராத்தி வீட்டில் பேசுகிற ஒருவர் வாசிக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் அந்த மொழியில் போடக்கூடாது, ஆளைத் தேட வேண்டும்.

இதை எழுதும்போது, இங்கே எல்லாம் தங்கம் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. எங்கள் நகரசபை நீச்சல் குளத்தை மூடியபோது சனம் திட்டித் தீர்த்தது. கருத்துப் பெட்டியைப் பூட்டச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. 'தயவுசெய்து தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள்' என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடச் சொன்னார்கள். தனிச்செய்தி என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வியை யாரும் பார்க்காத அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவது. அரசாங்கமும் செய்கிறது, கம்பனிகளும் செய்கின்றன. வாய் நிறைய 'உரையாடல்' என்பார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருடம் எங்கள் சகஊழியர் ஒருவர் குப்பை நாளைப் பிழையாகப் போட்டுவிட்டார். தெரிந்தவுடன் பக்கத்தின் மேலேயே 'நாங்கள் பிழை விட்டோம், சரியான நாள் இது' என்று போட்டார்கள். வெறும் குப்பைக்கு.

3

அந்தக் கிழமை மாத்தளையில் விடாத மழை. மலையிலிருந்து சேற்று வெள்ளம் இறங்கி, நீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் வருவதாக என் தங்கை பரீனா சொன்னாள். பிறகு நிறம் தெளிந்துவிட்டது என்றும் சொன்னாள். நானும் நிம்மதியாக வேலைக்குப் போனேன். வேலை கூடிய நாட்கள், ஊர்ப் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஸஹ்ரா பள்ளிக்கூடம் போக முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரீனா அழைத்தாள்.

"தாத்தா, மகனுக்கு நல்லமில்ல. ஆஸ்பத்திரியில நிக்கிறோம்."

எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்போம், சொன்னதைச் சென்னது என்போம். மகன் என்று அவள் சொன்னது ஹம்தானை. அவனுக்கு நாலு வயது. நான் பேச்சைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

"என்ன செய்யுது புள்ளைக்கு?"

"நேத்துல இருந்து வயித்தால போகுது, வாந்தி. குடிச்சது ஒன்னும் நிக்கல்ல. கண்ணு உள்ளுக்குப் போயிட்டு. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்குறான் இல்ல. சேலைன் ஏத்துறாங்க. இந்த வார்ட்ல பாதிப் பேர் நம்ம ரோட்டுப் புள்ளைகள்தான்."

"தண்ணி கொதிக்க வெச்சுத்தானே குடுக்கிற?"

"எப்பவும் அப்படித்தான் குடுக்கிற. இப்பதானே கொதிக்க வெச்ச தண்ணி குடிக்க வேணாம்னு கந்தோரால சென்னாங்க. பேஜ்ல போட்டாங்க. பள்ளிவாசல்லயும் மைக்ல வாசிச்சாங்க. தண்ணிக்கு மருந்து கூடப் போட்டிருக்காங்களாம், சூடாக்கினா நஞ்சாகுமாம்."

"நஞ்சாகும்னு யார் சென்ன?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. அப்படி இல்லாட்டி ஏன் தாத்தா கொதிக்க வைக்க வேணாம்னு போடுறாங்க?"

அவள் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. அரசாங்கத்தின் முத்திரையோடு ஒரு வாசகம் வந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று சனம் நினைக்கும். காரணம் தெரியாவிட்டால் தாங்களாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

ஸஹ்ரா அதற்குள் அந்தப் பக்கத்தை என் கைபேசியில் திறந்துவிட்டாள். அறிவித்தல் ஒரு படமாகப் போடப்பட்டிருந்தது. மேலே சிங்களம், கீழே தமிழ். அவள் தன் கைபேசியின் கமெராவைச் சிங்களப் பகுதியின் மேல் பிடித்தாள். அது ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டியது.

"உம்மா, கொதிக்க வைக்காம குடிக்க வேணாம்னுதான் இதில இருக்கு. சாச்சி ஏன் மாத்திச் சொல்றாங்க?"

நான் தமிழ்ப் பகுதியை வாசித்தேன். 'மறு அறிவித்தல் வரை கொதிக்க வைத்த குழாய் நீரைப் பருகுவதைத் தவிர்க்கவும்.'

'வைக்காத' என்று வரவேண்டிய இடத்தில் 'வைத்த' என்று இருந்தது. இன்னொரு தடவை வாசித்தேன். அப்படித்தான் இருந்தது. மூன்று நாளாக அப்படியே இருந்திருக்கிறது.

நீங்கள் நினைத்துப் பாருங்கள். தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரியாத என் மகளுக்கு, கடல்கள் தாண்டி ஒரு சமையலறையில், எங்கள் ஊர்த் தண்ணீர் பற்றிய உண்மை ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற என் தங்கைக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குச் சிங்களம் பேச வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிக்கொண்ட சிங்களம். எழுத்து வராது. வாப்பா கடை வைத்திருந்த காலத்தில் அவருடைய கடைக் கதவில் ஒட்டப்படும் நோட்டீசுகளும் சிங்களத்தில்தான் இருக்கும். பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லுவார். அதுவும் அவமானம்தான். ஆனால் விளங்கவில்லை என்பதாவது அப்போது விளங்கியது. இப்போது தமிழில் கிடைத்தது, அதை நம்பினார்கள்.

அறிவித்தலே வராமல் இருந்திருந்தால் பரீனா வழக்கம்போல் தண்ணீரைக் கொதிக்க வைத்திருப்பாள்.

"பரீனா, அது பிழை. கொதிக்க வைக்காமக் குடிக்க வேணாம்னுதான் சொல்ல வந்திருக்காங்க. தமிழ்ல மாறிப் போச்சு. றியால் மச்சானை இப்பவே பள்ளிக்கு அனுப்பு."

பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது.

"நான்தானே என் கையால ஊத்திக் குடுத்தேன்" என்றாள்.

4

றியால் பள்ளிவாசலுக்குப் போய்ச் சொன்னார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் திருத்தம் வாசித்தார்கள். பள்ளிவாசல் செய்ய வேண்டியதைச் செய்தது. ஆனால் மேலே தோட்டத்து லயன்களுக்கு அந்தச் சத்தம் எட்டாது. அங்கேயும் இதே தண்ணீர்தான், அங்கேயும் தமிழ்தான் வாசிப்பார்கள்.

நான் பஸ்ஸில் இருந்தபடியே அந்த அறிவித்தலின் கீழ் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். தமிழ் வாசகம் எதிர்ப்பொருள் தருகிறது, பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், உடனே மாற்றுங்கள் என்று எழுதி, சரியான வாசகத்தையும் கொடுத்தேன். உடனே பதில் வந்தது. 'தங்கள் கருத்துக்கு நன்றி. மேலதிக விபரங்களுக்கு இன்பொக்ஸ் மூலம் தொடர்புகொள்ளவும்.' இயந்திரம் போட்ட பதில். மதியம் பார்த்தபோது என் கருத்தைக் காணவில்லை. அறிவித்தல் அப்படியே இருந்தது.

பின்னேரம் ஸஹ்ரா தன் கணக்கிலிருந்து ஆங்கிலத்தில் எழுதினாள். சிறிது நேரத்தில் ஒரு மனிதரின் பதில் ஆங்கிலத்திலேயே வந்தது. 'அன்புள்ள அம்மையீர்' என்று தொடங்கி, சுட்டிக்காட்டியதற்கு நன்றி, கவனத்தில் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதை யாரும் மறைக்கவும் இல்லை.

"பாத்தீங்களா, நான் கேட்டதும் பதில் வந்துட்டு" என்றாள் ஸஹ்ரா. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. தமிழ்ப் பிழையைத் தமிழில் சொன்ன தாய்க்கு இயந்திரம், ஆங்கிலத்தில் சொன்ன மகளுக்கு அம்மையீர். அவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவள் தன் சாச்சிக்காகச் செய்தாள்.

கவனத்தில் எடுப்போம் என்றவர்கள் அடுத்த நாள் வேறொன்றைப் போட்டார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் கம்பனி அலுவலகத்துக்குப் போத்தல்கள் அன்பளிப்புச் செய்திருந்தது. அலுவலகத் தலைவர் ஒரு முனையையும் கம்பனிக்காரர் மறுமுனையையும் பிடித்தபடி ஒரு பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பனியின் பக்கத்தில் அதே படம். கீழே, 'சோதனைக் காலத்தில் உங்கள் தாகம் அறிந்து தோள் கொடுக்கிறோம்' என்று தமிழ். ஒற்றுப் பிழை கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. விற்பதற்கு வரும்போது தமிழ் சரியாக வந்துவிடுகிறது. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வாழ்த்துப் போடும்போது தங்க நிற எழுத்தில் சரியாக வருகிறது. உயிர் போகாமல் இருக்க ஒரு வரி எழுதவேண்டிய இடத்தில் மட்டும் வரவில்லை.

அன்று நான் மரியாதையை விட்டேன். பிழையான அறிவித்தலைப் படம் எடுத்து, அந்தப் போத்தல் படத்தின் கீழே போட்டு, 'இந்தத் தமிழை நம்பிய பிள்ளைகள் வார்டில் கிடக்கிறார்கள்' என்று எழுதினேன். யாரோ சிலர் வந்து, வெளிநாட்டில் சொகுசாக இருந்துகொண்டு ஊரைக் குறை சொல்கிறாய் என்றார்கள். ஒருவர், இனவாதம் பேசாதே என்றார். கொதிக்க வைக்காத தண்ணீரில் எந்த இனம் என்று கேட்டு எழுதி அனுப்பினேன். போகவில்லை. அப்போதுதான் என்னைத் தடை செய்திருந்தார்கள்.

5

அடுத்ததாகத் தொலைபேசியில் பிடித்தேன். இங்கே காலை, அங்கே மதியம். முதலில் எடுத்தவர் மாத்தயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார். மாத்தயா என்றால் ஐயா, அங்கே அந்தத் தலைவர்தான். இரண்டாவது எடுத்தவர் தமிழ் தெரிந்தவர் லீவு என்றார். நான் சிங்களத்திலேயே பேசுகிறேன், பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவரைத் தாருங்கள் என்றேன்.

வந்தவர் ஓர் இளைஞர். பட்டதாரியாம், எடுத்தது வேறு வேலைக்காம். கைபேசி நன்றாகப் பாவிக்கிறார் என்று பக்கத்தையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"சிங்களத்தைப் போனில போட்டுத் தமிழாக்கினேன். எனக்குத் தமிழ் தெரியாது மிஸ். இங்க சரிபார்க்க யாரும் இல்ல."

"இப்ப தெரிஞ்சிட்டுதானே. ஏன் இன்னும் எடுக்கல்ல?"

"மாத்தயாக்கிட்ட கேட்டேன். எடுத்தா நாம பிழை விட்டோம்னு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்னு சொல்றார்."

"என் கருத்தை மறைச்சது?"

"அதுவும் மாத்தயா சொல்லித்தான்."

அவருடைய குரலில் வெட்கம் இருந்தது. அவரைத் திட்ட எனக்குத் தோன்றவில்லை. தமிழ் தெரியாத ஒருவரிடம் தமிழைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே முத்திரை குத்திவிட்டு, கூட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பவரைத்தான் திட்டவேண்டும். அவர் கடைசி வரை தொலைபேசிக்கு வரவில்லை. அவருடைய படம் மட்டும் பக்கத்தில் கிழமைக்கு மூன்று முறை வந்ததை ஸஹ்ராவின் கணக்கில் பார்த்தேன்.

ஹம்தானுக்கு அன்று கொஞ்சம் தெளிந்தது. தண்ணீர் கேட்டிருக்கிறான். பரீனா கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுக் கொடுக்கப் பயந்து, தாதியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாளாம்.

6

நான் இங்கேயிருந்து எழுதியும் பேசியும் முடியாததை பரீனா நேரில் போய்ச் செய்தாள்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் அவளும், வார்டில் பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகளோடு இருந்த தாய்மாரும் அலுவலகத்துக்குப் போனார்கள். தோட்டத்திலிருந்து வந்த செல்வி என்கிற பெண்ணும் இருந்தாள். அவளுடைய சின்ன மகள் அப்போதும் வார்டில்தான். மாத்தயா கூட்டத்தில் இருக்கிறார் என்று இவர்களுக்கும் சொல்லப்பட்டது. கூட்டம் முடியும் வரை நிற்கிறோம் என்று வாசலை மறித்து நின்றார்கள். மாத்தயா வெளியே வந்தார்.

பரீனா கைபேசியை நீட்டி, இந்தத் தமிழை வாசியுங்கள் என்றாளாம். தனக்கு வாசிக்கத் தெரியாது என்றார். அப்போது அவள் அந்த வாசகத்தைச் சிங்களத்தில் சொன்னாள். கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்காதே என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் அரசாங்கம் சொன்னபடி செய்தோம்.

"அவர் என்ன சென்னார்?" என்று கேட்டேன்.

"கம்ப்ளைன்ட் இருந்தா பேஜ்ல போடுங்கன்னு சென்னார்."

"நீ?"

"செல்விதான் சென்னா. என் புள்ள வார்ட்ல இருக்கக்குள்ள நான் எந்தப் பேஜைப் பாக்குறதுன்னு."

செல்வி அதைத் தமிழில்தான் சொன்னாளாம். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் அறிவித்தலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திருத்தம் இல்லை, மன்னிப்பு இல்லை. இருந்த தடம் தெரியாமல் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் போதாது என்று தாய்மார் அங்கேயே நின்றார்கள். நம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு முச்சக்கர வண்டியும் ஒலிபெருக்கியும் தருவதாக மாத்தயா ஒத்துக்கொண்டார். தமிழில் வாசிக்க ஆள் இல்லை என்றார். நான் வாசிக்கிறேன் என்றாள் பரீனா.

அடுத்த நாள் அவள் வண்டியில் ஏறினாள். அந்த இளைஞரும் அலுவலகத்தின் சார்பில் முன்னால் உட்கார்ந்தாராம். எங்கள் ரோடு முடிந்து, மேலே லயன்கள் வரை போயிருக்கிறார்கள். போகும் வழியில் றியால் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய் அதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். மதிய உணவு இடைவேளையில், அலுவலகப் படிக்கட்டில் நின்று அதைக் கேட்டேன்.

முதலில் வண்டியின் இரைச்சல். பிறகு என் தங்கையின் குரல். பள்ளிக்கூடத்தில் கூட மேடை ஏறாதவள். எழுதிக் கொடுத்த வாசகத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து மட்டும் குடியுங்கள். கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள்.

"முன்னால பேஜ்ல வந்தது பிழை. அந்தப் பிழையை விட்டது கந்தோர். தண்ணி குடுத்த உம்மாமார் இல்ல, அம்மாமார் இல்ல. உங்கள்ல பிழை இல்ல."

முன்னாலிருந்து அந்த இளைஞரின் குரல் மைக்கில் தாழ்வாகக் கேட்டது. "ஏக்க கியன்ன எப்பா, நங்கி." அதைச் சொல்ல வேண்டாம், தங்கச்சி.

வண்டி எங்கேயோ திரும்பியது. ஒரு நாய் குரைத்தது. பிறகு ஒலிபெருக்கியில் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் முதலிலிருந்து வாசித்தாள், தண்ணீர் பற்றிய வரிகளை. முடித்துவிட்டு, முன்பைவிடச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, அந்த வரியையும் சொன்னாள்.